பின்னப்பங்கும் அரும்பொருளும்: மலையகத்தின் மூன்று துண்டுகளை முன்வைத்து ஒரு நோக்கு

1

மேலைநாட்டு மூலதனச் சந்தைகளிலே அண்மைக்காலத்தில் ஒரு புதுவகைச் சரக்கு விற்பனைக்கு வந்துள்ளது. புகழ்பெற்ற ஓவியம், அரிய தபால் முத்திரை, பழைய மோட்டார் வாகனம் போன்ற ஒன்றைக் கம்பனியொன்று வாங்குகிறது. அதன் உரிமையைப் பல்லாயிரம் கூறுகளாக்குகிறது. கூறொன்றைச் சிறுதொகைக்கு எவரும் வாங்கலாமென அறிவிக்கிறது. இதனைப் 'பின்னப்பங்கு' என இக்கட்டுரையில் நாம் வழங்குவோம். இதுவரை பெருஞ் செல்வரின் பேழைகளுக்குள் கிடந்த அரும்பொருள் இனிச் சாமானியனுக்கும் உரியதாகும் என்பதே இவ்வணிகத்தார் முன்வைக்கும் வாதமாகும். அவ்வாதத்தின் மொழி சனநாயகத்தின் மொழி. அதன் உள்ளடக்கமும் அதுதானா என்பதே நம் வினா.

தமிழாய்வுக்குரிய ஏடொன்றில் இவ்விடயம் ஏன் இடம்பெற வேண்டுமென வினவப்படலாம். இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வங்கியிற் கிடந்த சேமிப்பு கண்முன்னே கரைவதைக் கண்ட மத்தியதர வர்க்கத்தினரும், தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் மலையக இளைஞரும் 'பெறுமதி குறையாத பொருள்' எதுவெனத் தேடத் தொடங்கினர். அத்தகைய தேட்டத்தின்மீதே பின்னப்பங்கு வணிகம் தழைக்கிறது. இரண்டாவது காரணம் வரலாறு சார்ந்தது. உரிமையைத் துண்டாக்கி விற்பதும், துண்டாக்கப்பட்ட உரிமைக்கு அடியில் மனித உழைப்பை மறைத்து வைப்பதும் மலையகத்துக்குப் புதியவை அல்ல. நுவரெலியா, ஹற்றன் பிரதேசங்களின் தேயிலைச் சரிவுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பங்குத் துண்டுகளாகவே கைமாறி வந்துள்ளன.

தமிழிற் 'பின்னம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. எண்கணிதத்தில் அது ஒன்றின் கூறு. கோயிலில் அது ஊறுபட்ட சிலை. பின்னமான விக்கிரகம் வழிபாட்டுக்கு ஆகாது என்பர். பின்னப்பங்கில் இவ்விரு பொருளும் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் இவ்வணிகம் இயங்கும் முறையை ஓர் உண்மை நிகழ்வின் வழி விளங்கிக்கொள்வோம்.

1856இல், இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய முத்திரைகள் தாமதமானமையால், பிரித்தானிய கயானாவின் தலைநகரான ஜோர்ஜ்டவுனிலே ஒரு பத்திரிகை அச்சகத்தில் அவசரமாக முத்திரைகள் அச்சிடப்பட்டன. செந்நீலத் தாளிற் கப்பற் படத்துடன் அச்சான ஒரு சத முத்திரைகளுள் இன்று ஒன்றே எஞ்சியுள்ளது. 1873இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் அதனைக் கண்டெடுத்து ஆறு சிலிங்குக்கு விற்றான். பின்னர் அது பல செல்வர் கைகளுக்கு மாறியது. 2014இல் ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டது. 2021 யூனில் நியூயோர்க் ஏலத்தில் லண்டனின் பழம்பெரும் முத்திரை வணிக நிறுவனமான ஸ்ரான்லி கிப்பன்ஸ் அதனை ஏறத்தாழ 83 இலட்சம் டொலருக்கு வாங்கியது. ஏழாண்டிலே பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலை இறங்கியிருந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 'அரும்பொருளின் விலை ஏறுமேயன்றி இறங்காது' என்ற கூற்றுக்கு உலகின் மிக அரிய முத்திரையே மறுப்பாக நிற்கிறது.

இதற்கு அடுத்த கட்டமே நமக்கு முக்கியமானது. அந்நிறுவனம் அதே ஆண்டில் முத்திரையின் உரிமையை 80,000 கூறுகளாக்கிக் கூறொன்று 100 பவுண் வீதம் விற்பனைக்கு விட்டது. கணக்கு எளியது. 80,000 கூறுகளின் மொத்த விலை 80 இலட்சம் பவுண். முத்திரை வாங்கப்பட்ட விலையோ அன்றைய நாணயமாற்று வீதத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் பவுண். முத்திரையில் ஒரு நூலிழையும் கூடவில்லை; அதன் அழகும் கூடவில்லை. அது துண்டாக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் அதன் விலை மூன்றிலொரு பங்கு உயர்ந்துவிட்டது. சில்லறையாக விற்பவன் மொத்த வணிகனிலும் கூடுதலாக ஈட்டுவது சந்தையின் பழைய வழக்கம். ஆனால் சீனியைச் சில்லறையாக வாங்குபவன் அதனைத் தேநீரிற் கலந்து குடிக்கலாம். முத்திரையின் எண்பதினாயிரத்தில் ஒரு கூற்றை வாங்கியவன் அதனைக் கடிதத்தில் ஒட்டவும் முடியாது. தன் சேகரத்தில் வைக்கவும் முடியாது.

ஓவியங்களைப் பொறுத்தமட்டில் 2017இல் நியூயோர்க்கிற் தொடங்கப்பட்ட மாஸ்ரர்வேர்க்ஸ் என்ற நிறுவனத்தின் முறை இதற்கு எடுத்துக்காட்டாகும். ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒரு தனிக் கம்பனி அமைக்கப்படும், அக்கம்பனியின் பங்குகள் விற்கப்படும், ஆண்டுதோறும் 1.5 சதவீதம் நிருவாகக் கட்டணமாகக் கழியும். ஓவியம் விற்கப்படும்போது இலாபத்தில் 20 சதவீதம் நிறுவனத்தைச் சேரும். 100 ரூபா பெறுமதியான ஓவியம் ஐந்தாண்டின் பின் 120 ரூபாவுக்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். நிருவாகக் கட்டணம் ஏறத்தாழ 7.50, இலாபப் பங்கு ஏறத்தாழ 4 ரூபா. எஞ்சுவது 108.50. ஐந்தாண்டில் எட்டரை ரூபா! விலை ஏறாவிடினோ நிருவாகக் கட்டணம் மட்டும் தவறாது கழியும். விற்கும் காலத்தைத் தீர்மானிப்பவர் நிறுவனத்தார். இடையிற் பணம் தேவைப்படும் பங்காளி, தன் துண்டை வாங்க இன்னொருவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

3

இந்நிகழ்வுகளை அரசியற் பொருளாதார நோக்கில் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

பண்டம் ஒவ்வொன்றும் பயன்பெறுமானமும் பரிமாற்றப் பெறுமானமும் உடையது என்பது மார்க்சின் அடிப்படைக் கூற்று. சாதாரணப் பண்டத்தின் பெறுமானத்தை நிருணயிப்பது அதனை மீண்டும் உற்பத்தி செய்யச் சமுதாயத்துக்குத் தேவைப்படும் உழைப்பு நேரமாகும். 1856ஆம் ஆண்டின் முத்திரையையோ மறைந்த ஓவியரின் படைப்பையோ மீண்டும் உற்பத்தி செய்ய இயலாது. ஆகவே அதன் விலைக்கு உழைப்பு என்னும் நங்கூரம் இல்லை. இத்தகைய ஏகபோக விலையை வாங்குபவரின் ஆசையும் கொடுக்கும் ஆற்றலுமே தீர்மானிக்கின்றன என 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கியுள்ளார். அதே பாகத்திலே பங்குப் பத்திரத்தையும் கடன் பத்திரத்தையும் அவர் 'கற்பனை மூலதனம்' என இனங்காண்கிறார். எதிர்கால வருமானத்தின்மீதான உரிமைச் சீட்டு, தானே மூலதனம்போலத் தோன்றிச் சந்தையிற் சுழல்கிறது என்பது அதன் கருத்து.

ஆயினும் ஒரு வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொழிற்சாலைப் பங்கின் பின்னால் இயந்திரமும் உழைப்பும் அவை ஈனும் மிகைப்பெறுமானமும் உள்ளன. அதனால் அப்பங்கு ஆண்டுதோறும் இலாபப் பங்கு தரக்கூடும். பூட்டிய பெட்டகத்துள் கிடக்கும் ஓவியம் எதனையும் உற்பத்தி செய்வதில்லை. அதற்குக் காப்புறுதியும் காவலும் வேண்டும்; அது ஈட்டுவதில்லை, செலவழிக்கிறது. எனவே அதன் பின்னப்பங்காளிக்கு வரக்கூடிய இலாபம் ஒரேயொரு மூலத்திலிருந்துதான் வரவேண்டும்: நாளை வாங்கப்போகும் இன்னொருவரின் பணப்பையிலிருந்து. ஆகவே பின்னப்பங்கு, கற்பனை மூலதனத்திலும் ஒருபடி மேலான கற்பனையாகும்.

வேறொன்றும் கூறவேண்டும். பிரித்தானிய கயானா ஒரு கரும்புத் தோட்டக் குடியேற்ற நாடு. அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்ட 1838ஆம் ஆண்டிலேயே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர்; பின்னர் சென்றவர்களுள் தமிழரும் இருந்தனர். அம்முத்திரை அச்சான நாளில் அந்நாட்டின் செல்வத்தின் பெரும்பகுதி கரும்பிலிருந்தே பிறந்தது. இன்று அதன் எண்பதினாயிரம் துண்டுகளில் அவ்வரலாற்றின் துண்டு எதுவுமில்லை. பொருள்களுக்கிடையிலான உறவாக மனித உறவு தோற்றமளிப்பதைப் பண்ட வழிபாடு என்கிறோம். அரும்பொருள் சந்தை அவ்வழிபாட்டின் கருவறை.

4

இனி மலையகத்துக்கு வருவோம்.

இலங்கையிற் பங்கு வணிகம் 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்துடன் ஒழுங்கமைந்த வடிவம் பெற்றது. பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டுவதே அதன் தொடக்ககால நோக்கமாகும். அதற்கு முன்னர் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தனித் துரைமாரின் உடைமையாக இருந்தன. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கியும் வீழ்ந்தது. கடனில் மூழ்கிய தோட்டங்களைக் கம்பனிகள் வாங்கின. லண்டனிற் பதிவான ஸ்ரேலிங் கம்பனிகளும் கொழும்பிற் பதிவான ரூபாக் கம்பனிகளும் உருவாயின. ஒரு காலத்திற் குதிரையேறித் தோட்டத்தைச் சுற்றிய உடைமையாளன், இப்போது கடலுக்கப்பால் இருந்த பல நூறு பங்காளிகளாகச் சிதறினான். மஸ்கெலியாவையோ தலவாக்கலையையோ கண்ணாற் காணாத ஓய்வுபெற்ற அதிகாரியும் பாதிரியாரும் கைம்பெண்ணும் அம்மலைகளின் பின்னப்பங்காளிகளாயினர். 1910ஆம் ஆண்டளவில் இறப்பர் விலை வானளாவ ஏறியபோது இரண்டு சிலிங் பங்குகள் பெருவாரியாக வெளியிடப்பட்டன. சிறு சேமிப்பாளரைச் சூதாட்டத்துக்கு அழைக்கப் பங்கைச் சிறிதாக்கும் உத்தி இன்றைய கண்டுபிடிப்பு அன்று.

தேயிலையே அரும்பொருளாக ஏலம்போன நிகழ்வும் உண்டு. 1891இல் மஸ்கெலியாப் பகுதியின் காட்மோர் தோட்டத்துப் பொன்முனைத் தேயிலை, லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் இறாத்தல் ஒன்றுக்கு 25 பவுண் 10 சிலிங் என்ற விலையைப் பெற்றது. சாதாரணத் தேயிலை பென்சுக் கணக்கில் விற்ற காலம் அது. விளம்பரத்துக்காகக் கொடுக்கப்பட்ட அவ்விலையில் ஒரு பென்சேனும் அம்முனைக் கொழுந்தைத் தனித்தனியே பிரித்தெடுத்த விரல்களுக்கு உரிமையாகச் சேரவில்லை. அவற்றுக்குரியது சதக் கணக்கிலான நாட்கூலி மட்டுமே.

பங்காளியின் பக்கத்திற் பின்னம் இலாபக் கணக்காக இருந்தபோது, தொழிலாளியின் பக்கத்தில் அது வேறு வடிவில் இருந்தது. தோட்டங்களில் வழங்கும் 'அரைப்பேர்' என்ற சொல்லை நோக்குக. குறித்த நிறைக் கொழுந்தைப் பறிக்கத் தவறினால், செக்றோலில் அன்றைய நாளுக்கு முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான் விழும். மழையில் நனைந்து அட்டை கடித்து நின்ற முழு மனுஷி, கணக்கேட்டில் அரை மனுஷியாவாள். பெருந்தோட்ட முறைமை உடைமையை மட்டுமன்றி உழைப்பாளியின் பெயரையும் பின்னமாக்கியது. இச்சொல்லில் மலையக மக்கள் தம் சமுதாய அனுபவத்தை எந்த ஆய்வு நூலிலும் சுருக்கமாகப் பொதிந்து வைத்துள்ளனர்.

5

மலையக வரலாற்றிலே துண்டு என்பது வெறும் உருவகம் அன்று. அது ஒரு பத்திரத்தின் பெயர்.

கங்காணி தன் ஆட்களுடன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்ல விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்பது அதன் வாசகத்தின் சாரம். இதுவே 'துண்டு' எனப்பட்டது. ஆங்கிலேயரும் அத்தமிழ்ச் சொல்லையே வழங்கினர். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றது. கங்காணி துண்டைத் தோட்டந் தோட்டமாகக் கொண்டுசென்று கூடிய தொகைக்குப் பேரம் பேசினான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடன் ஏறியது. அச்சுமை தொழிலாளியின் தலையிலேயே இறங்கியது. எதிர்கால உழைப்பின்மீதான உரிமையைத் தாங்கிக் கைமாறிய இத்துண்டு, கற்பனை மூலதனத்தின் மிகக் கொடிய வடிவங்களுள் ஒன்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையைத் தடைசெய்தது.

இரண்டாவது துண்டு உலோகத்தாலானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குத் தகர வில்லைகள் வழங்கப்பட்டன. தோட்டத்தின் பதிவெண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த அவ்வில்லையைக் கழுத்திற் கட்டியவர், பயணச் செலவைக் கையிற் கொடாமல் தோட்டம்வரை வந்து சேர்வார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். இதற்கும் முன்னர், கோப்பிக் காலத்தில், கொழும்பிலும் கண்டியிலும் இருந்த கோப்பி ஆலைகள் கோப்பிக்கொட்டை தெரிந்த பெண்களின் நாளுழைப்பைக் கணக்கிடச் செப்பு, பித்தளை வில்லைகளை வழங்கின. 1895இல் லவ்ஸ்லி இலங்கை நாணயங்களையும் வில்லைகளையும் பற்றி எழுதும்போதே இவை சேகரிப்போரின் அக்கறைக்குரியவை ஆகிவிட்டன. இன்று இவை நாணய வணிகரின் பட்டியல்களில் இடம்பெறும் அரும்பொருள்கள். தேய்வு, துளை, எழுத்தின் தெளிவு என்பவற்றுக்கேற்ப விலை வேறுபடும். கழுத்துக்கயிறு உரசிய தேய்வு அங்கு 'குறைபாடு'.

ஹற்றன் பகுதித் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் இத்தகைய வில்லையொன்றை நாம் கண்டதுண்டு. தகரப் பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றோடு அது துணியிற் சுற்றிக் கிடந்தது. தன் பாட்டனாரின் கழுத்திற் கிடந்தது என்றார் அவ்வீட்டு மூதாட்டி. எதற்காக வைத்திருக்கிறீர்களென வினவியபோது, யாராவது வந்து நீங்கள் எங்கிருந்து வந்தவர்களெனக் கேட்டால் காட்டுவதற்கு என்பதே அவர் விடையாக இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இடையறாத வதிவுக்குச் சான்று கேட்ட 1949ஆம் ஆண்டுச் சட்டம், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஆகியவற்றைக் கடந்து 2003இல் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கப்படும்வரை, தாள் ஒன்று காணாமற்போவது நாடு ஒன்று காணாமற்போவதற்கு ஒப்பானதாக இருந்த மக்கட் கூட்டம் இது. அவ்வீட்டில் அவ்வில்லை ஓர் ஆவணம். சேகரிப்பவன் கையில் அது அருமை. பின்னப்பங்கு வணிகன் கையில் அது துண்டாக்கத்தக்க விலை. ஒரே தகரத்தின் இம்மூன்று நிலைகளுக்கும் இடையே நிகழ்வது வெறும் விலையேற்றம் அன்று. அதனைக் கழுத்தில் அணிந்தவரின் பெயர் படிப்படியாக அழிந்து செல்கிறது. அரும்பொருளாகும் அளவுக்கு அது ஆவணமாக இல்லாதொழிகிறது.

6

மூன்றாவது துண்டு பங்குப் பத்திரம். இது தொழிலாளியின் கைக்கே வந்தது என்பதால் தனியாக ஆராயத்தக்கது.

1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிருவகித்தன. நட்டம் பெருகியபோது, 1992இல் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு நிருவாகம் தனியாரிடம் சென்றது. 1995 முதல் பங்குகளும் விற்கப்பட்டன. 51 சதவீதம் கட்டுப்பாட்டு உரிமையாகத் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றது. 10 சதவீதம் ஊழியருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. தொழிலாளி உடைமையாளன் ஆனான் எனக் கூறப்பட்டது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டு கோடிப் பங்குகளையும் பதினாயிரம் ஊழியரையும் கொண்ட ஒரு கம்பனியைக் கற்பனை செய்க. பத்து சதவீதம் என்பது 20 இலட்சம் பங்கு, ஆளொன்றுக்கு 200. பங்கொன்றுக்கு ஒரு ரூபா இலாபப் பங்கு அறிவிக்கப்பட்டால் தொழிலாளி பெறுவது ஆண்டுக்கு 200 ரூபா. அவரது நாட்கூலி ஒரு ரூபா கூடினால், ஆண்டில் 250 நாள் வேலை செய்பவர் 250 ரூபா பெறுவார். அதாவது ஒரு ரூபாக் கூலியுயர்வு அப்பங்கு முழுவதிலும் பெறுமதி மிக்கது. ஆனால் பங்காளி என்ற நிலையிலிருந்து நோக்கினால், கூலி உயர்வு அவரது இலாபப் பங்கைக் குறைக்கும்! தொழிலாளியைத் தனக்கெதிராகத் தானே நிற்கவைக்கும் முரண்பாடு அத்தாளில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1000 ரூபா நாட்கூலி பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில்தான் சட்டமாயிற்று. அதனை ஈட்டித் தந்தது சங்கப் போராட்டமேயன்றிப் பங்குப் பத்திரம் அன்று.

இதனினும் ஆழமான வினா, அப்பங்கு எதன் பங்கு என்பதாகும். நிலம் அரசுக்குரியது, கம்பனிகளிடம் இருப்பது 53 ஆண்டுக் குத்தகை மட்டுமே. பல தலைமுறையாக வாழும் லயத்து அறைக்கோ அதன் முன்றலில் தாம் நட்ட கறிவேப்பிலை மரத்துக்கோ தொழிலாளிக்கு உறுதி கிடையாது. கம்பனியின் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தாளளவிற் பங்காளியாக இருப்பவர், தம் தலைக்கு மேலுள்ள கூரையில் உரிமையற்றவர். வீட்டோடு ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி வழங்கும் திட்டம் 2015இன் பின் தொடங்கியபோது மக்கள் அதனை வரவேற்றமைக்குக் காரணம் இதுவே. ஏழு பேர்ச்சஸ் மிகச் சிறிது. ஆனால் அது பின்னம் அன்று. வேலியடைக்கலாம், விளக்கேற்றலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

பங்காளியாதல் என்பதும் உரிமையாதல் என்பதும் ஒன்றல்ல. உரிமையின் உயிர் அனுபவிப்பிலும் தீர்மானிப்பிலும் உள்ளது. பின்னப்பங்கு இவ்விரண்டையும் நீக்கி, விலை ஏறினால் ஈட்டலாம் என்ற எதிர்பார்ப்பை மட்டும் கையளிக்கிறது. எனவே எந்தப் பின்னப்பங்கையும் எதிர்கொள்பவர் நான்கு வினாக்களையேனும் எழுப்புதல் வேண்டும். துண்டுகளின் கூட்டு விலை முழுப் பொருளின் விலையிலும் எவ்வளவு கூடியது? பொருள் எதையேனும் உற்பத்தி செய்கிறதா, அன்றிச் செலவு மட்டும் வைக்கிறதா? விலையை மதிப்பிடுபவரும் விற்பவரும் ஒருவரா? வெளியேறும் வழி யார் கையில் உள்ளது?

பொருளைக் கூட்டாக வைத்திருப்பதே தவறென்று நாம் கூறவில்லை. மலையகப் பெண்கள் மாதந்தோறும் போடும் சீட்டும் ஒரு கூட்டுத்தான். ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகின்றனர். எவரும் நாளைய விலையேற்றத்தை நம்புவதில்லை. அடகிலிருந்து தோட்டை மீட்பதற்கோ பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ ஒவ்வொருவர் கைக்கும் ஒருமுறை முழுத்தொகை வருகிறது. அங்கே பணம் பயன்பாட்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. சீட்டிலும் ஏமாற்று உண்டு; ஆயினும் ஏமாற்றியவரின் வீடு எல்லோருக்கும் தெரியும்.

அரும்பொருளைப் பொறுத்தும் வேறொரு கூட்டுடைமை சாத்தியம் என்பதற்கு மலையகத்திலேயே சான்றுண்டு. கம்பளைப் பிரதேசத்தின் பழைய பீக்கொக் தோட்டத்தில் லயத்து அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் அமைக்கப்பட்டுள்ளன. ஹந்தானைத் தேயிலை நூதனசாலை பழைய தொழிற்சாலையொன்றின் இயந்திரங்களையும் துரைமார் நினைவுகளையும் முதன்மைப்படுத்த, இது கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் அடுப்பையும் முன்வைக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் இதே வகைச் சேகரமே. பாடல் எத்தனை பேர் வாயிற் புகுந்தாலும் பின்னமாவதில்லை.

ஆகவே மலையகத்தின் வீடுகளில் எஞ்சியிருக்கும் வில்லைகளும் சீட்டுகளும் தரகர் கைக்குப் போகுமுன் அவற்றைப் பதிவுசெய்தல், படமெடுத்தல், உரியவர் வாய்மொழியோடு சேர்த்துக் காத்தல் என்பன பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் உடனடிப் பணியாதல் வேண்டும். பொருளை வீட்டிலிருந்து பறிக்கத் தேவையில்லை. அதன் வரலாற்றை எழுதிக்கொள்வதே போதுமானது. அம்மூதாட்டியின் தகர வில்லைக்கு ஏலத்தில் என்ன விலை வரும் என்பதை எவரும் கணக்கிடலாம். அதிலுள்ள எண்ணுக்குரியவரின் பெயர் என்ன என்பதை அவர் ஒருவரே அறிவார். அப்பெயரை அவர் சொல்லக்கூடிய காலத்திலேயே நாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.